ஒரே உடம்பு, மூணு மெஷின், மூணு கொழுப்புக் கணக்கு: எதை நம்புறது?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயசு 38, உயரம் 158 செ.மீ. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன். மூணு மாசம் முன்னாடி 110 கிலோ, இப்ப 104. ஆப்ல கனெக்ட் ஆகற வெயிட் மெஷின் வீட்டுக்கு வாங்கினேன். அப்பல்லாம் கம்பெனி விட்டு வந்ததும் சாயங்காலம் ஏறிப் பாப்பேன், கொழுப்பு 38.5% காட்டுச்சு. இப்ப காலைல எந்திரிச்சதும் பாக்கறேன், 39% காட்டுது. ஜிம்ல கையில புடிச்சு நிக்கிற பெரிய மெஷின்ல 44.8%, அதோட 'மெட்டபாலிக் ஏஜ் 61'னு வேற. டிரெய்னர் இடுக்கி மாதிரி ஒண்ணு வச்சு வயித்தைப் புடிச்சுப் பாத்துட்டு சரியா வரலைன்னு விட்டுட்டார். சந்தேகம் தீரட்டும்னு கோயமுத்தூர் போயி டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன், 51%! ஆறு கிலோ குறைச்சும் வீட்டு மெஷின்ல கொழுப்பு ஏறிருக்குன்னா போனதெல்லாம் சதையா மேடம்? இதுல எது சரி? அப்புறம் இன்னொண்ணு, நான் பயங்கரமா குறட்டை விடறேன்னு வீட்டுக்காரர் சொல்றார், பகல்ல செக்கிங் டேபிள்லயே கண்ணு சொருகுது, அது வெயிட்னாலதானே?

பதில்:

வணக்கம் மா. லெட்டரைப் படிச்சதும் கால்குலேட்டரைத்தான் எடுத்தேன். 104 கிலோல 39%னா நாப்பது கிலோ சொச்சம் கொழுப்பு, 51%னா 53 கிலோ. ஒரே ஆளு, ஒரே மாசம், பன்னெண்டு கிலோ வித்தியாசம், அதாவது அரை சிப்பம் அரிசி! கொழப்பம் வராம என்ன செய்யும்.

நேரா பதில் வேணும்னா, உங்களுக்கு 51தான் உண்மைக்குக் கிட்ட இருக்கு. ஆனா அந்த மூணு மெஷின்ல எதுவுமே உங்க கொழுப்பை எடுத்து எடை போட்டுப் பாக்கல, ஒவ்வொண்ணும் வேற எதையோ அளந்துட்டு அதுல இருந்து கொழுப்பைக் கணக்குப் போட்டுச் சொல்லுது. உங்க வேலைல இருந்தே சொல்றேன். ஃபேப்ரிக் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறதை எப்படிப் பாக்கறீங்க? ரவுண்ட் கட்டர் வச்சு ஒரு வட்டம் வெட்டி, குட்டித் தராசுல போட்டு, நூறால பெருக்கறீங்க. முழு ரோலையும் யாரும் எடை போடறதில்ல, வெட்டின வட்டம் எப்படியோ ரோலும் அப்படித்தான்னு ஒரு நம்பிக்கை. துணி சரியா காயாம லேசா ஈரம் இருந்தா என்ன ஆகும்? நம்பர் ஏறிப் போகும், ஆனா துணி அதே துணிதான். இதை அப்படியே உடம்புக்குப் போட்டுப் பாருங்க, உங்க கேள்வில பாதிக்கு அதுவே பதில்.

நிஜமாவே கொழுப்பை வெட்டி எடுத்து எடை போட்டதும் நடந்திருக்கு, உயிரோட இருக்கறவங்க கிட்ட இல்ல. பெல்ஜியத்துல பிரஸ்ஸல்ஸ்ல இறந்தவங்க 25 பேரோட உடம்புல தோலு, கொழுப்பு, தசை, எலும்புன்னு தனித்தனியா பிரிச்சு எடை பாத்து 1984-ல வெளியிட்டாங்க. அந்த மாதிரி வேலை உலகத்துலயே ரொம்பக் கொஞ்சம். மத்ததெல்லாம் அனுமானம்தான், நல்ல அனுமானம் சுமாரான அனுமானம்னு வேணா பிரிச்சுக்கலாம்.

சரி, உங்க வீட்டு மெஷினுக்கு வருவோம். அதுமேல வெறுங்காலோட நிக்கறீங்க, ஒரு கால் வழியா நமக்குத் தெரியாத அளவுக்குச் சின்னக் கரண்ட் ஏறி, இடுப்பைத் தாண்டி, அடுத்த கால் வழியா இறங்குது. தண்ணி இருக்கற இடத்துல கரண்ட் ஈஸியா போகும், தசைல தண்ணி ஜாஸ்தி, கொழுப்புல கம்மி. எவ்வளவு தடை இருக்குன்னு பாத்து உடம்புல இவ்வளவு தண்ணின்னு மெஷின் ஒரு முடிவுக்கு வருது. கொழுப்பு இல்லாத பாகத்துல நூத்துக்கு 73 பங்கு தண்ணிங்கறது அதோட பொதுவான கணக்கு, அதை வச்சு திருப்பிப் போட்டு, மிச்சமெல்லாம் கொழுப்புன்னு சொல்லிடுது. ஆக அது பாத்தது தண்ணியை, சொன்னது கொழுப்பை.

இதுல உடம்பு பெருத்தவங்களுக்கு ரெண்டு இடத்துல இடிக்குது. முதல்ல அந்த 73ங்கற கணக்கு. எடை ரொம்ப ஜாஸ்தியா இருக்கறவங்க உடம்புல செல்லுக்கு வெளிய நிக்கிற தண்ணி சராசரியை விட அதிகம், அதைப் பாத்துட்டு மெஷின் 'ஆஹா நிறைய தசை'ன்னு நெனச்சு கொழுப்பைக் கொறச்சுச் சொல்லிடும். ரெண்டாவது, நடு உடம்பு. நம்ம எடைல கிட்டத்தட்ட பாதி கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவுலதான் இருக்கு, ஆனா அது அகலமான குழாய் மாதிரி, கரண்டுக்கு அங்க தடையே கம்மி, மொத்தத் தடைல பத்துல ஒரு பங்குதான் அங்க இருந்து வரும். கையும் காலும் ஒல்லியான குழாய், தடை பூரா அங்கதான். இத்தனைக்கும் உங்க வீட்டு மெஷின் இடுப்புக்கு மேல போறதே இல்ல, உங்க வயித்தை அது பாக்கவே இல்ல மா, காலைப் பாத்துட்டு வயித்துக்கும் சேத்து அடிச்சு விடுது. நான் சொல்றதுல நம்பிக்கை இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க, ஆப்ல வயசை 38க்குப் பதிலா 58னு மாத்திட்டு திரும்ப ஏறிப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துல கொழுப்பு மாறியிருக்கும். அத்லெட் மோட்னு ஒண்ணு இருந்தா அதையும் போட்டுப் பாருங்க, சிரிப்பு வரும்.

இப்ப அந்த 38.5, 39 விஷயம், உங்களைத் தூங்க விடாம பண்ணதே அதுதான்னு புரியுது. லெட்டர்ல நீங்களே பதிலை எழுதிட்டு கவனிக்காம போயிட்டீங்க. அப்ப சாயங்காலம் பாத்தீங்க, இப்ப காலைல பாக்கறீங்க. செக்கிங் டேபிள்கிட்ட நாள் பூரா நின்னுட்டு வர்றீங்க, சாயங்காலம் காலு வீங்கி செருப்பு புடிக்காதுல்ல? அந்த வீக்கம் பூரா தண்ணி. மெஷின் பாக்கறதும் காலைத்தான், தண்ணி ஜாஸ்தி, தடை கம்மி, அதனால கொழுப்பு கம்மின்னு காட்டும். காலைல வீக்கம் வடிஞ்சிருக்கும், அதே ஆளுக்கு கொழுப்பு ஏறிக் காட்டும். ஆக, மூணு மாசம் முன்னாடி வந்த சாயங்கால நம்பரும் இப்ப வர்ற காலை நம்பரும் ஜோடி போடவே கூடாத நம்பர், ஈரத்துணி ஜிஎஸ்எம்மையும் காஞ்ச துணி ஜிஎஸ்எம்மையும் ஒப்பிட்டு பையர் கிட்ட சண்டை போடற மாதிரி.

அப்படியே அந்த நம்பரை நம்பினாலும் கணக்கு என்ன சொல்லுதுன்னு பாருங்க. 110ல 38.5%னா 42.4 கிலோ கொழுப்பு, 104ல 39%னா 40.6. அப்பவும் கொழுப்பு கிலோவுல கொறஞ்சுதான் இருக்கு, பர்சன்டேஜ் மட்டும்தான் ஏறிருக்கு. மிச்சம் நாலு கிலோ சொச்சம் 'சதை'ல போச்சுன்னு அது சொல்லுது, அங்கதான் நீங்க பயந்துட்டீங்க. இந்த மெஷின்கள் சொல்ற 'லீன்'ங்கறது தசை மட்டும் இல்ல மா, கொழுப்பு இல்லாத எல்லாமே அதுல வரும், ரத்தம், தண்ணி, ஈரல் எல்லாமே. சாப்பாட்டைக் கொறச்ச முதல் சில வாரத்துல உடம்புல சேத்து வச்சிருந்த சர்க்கரை கரைஞ்சு அதோட ஒட்டியிருந்த தண்ணியும் போகும், அதுவும் மெஷினுக்கு 'சதை'தான். உண்மையான தசையும் கொஞ்சம் போகத்தான் செய்யும், பொதுவா எடை கொறையறப்ப நாலுல ஒரு பங்கு கொழுப்பில்லாத பாகத்துல இருந்து போறது சகஜம். பட்டினி கிடந்து வேகமா கொறச்சா அது கூடும். உங்களுக்கு மாசம் ரெண்டு கிலோ வேகம், நிதானமான வேகம்தான்.

ஜிம் மெஷின் இதைவிடத் தேவலாம். கைக்கும் காலுக்கும் சேத்து எட்டு இடத்துல தொடுது, கை, கால், நடு உடம்புன்னு தனித்தனியா கரண்ட் விட்டுப் பாக்குது, அதனாலதான் உண்மைக்குப் பக்கமா 44.8 வரைக்கும் வந்துச்சு. ஆனா தண்ணிக் கணக்கு பிரச்சனை இதுக்கும் உண்டு, உள்ள என்ன ஃபார்முலா போட்டிருக்காங்கங்கறது கம்பெனி ரகசியம், கம்பெனிக்குக் கம்பெனி வேற. மெட்டபாலிக் ஏஜ் 61ங்கறதை அந்தப் பேப்பரோட சேத்து கிழிச்சுப் போடுங்க. உங்க வயசுக்காரங்க சராசரியோட உங்களை ஒப்பிட்டு பயமுறுத்த ஒரு நம்பர், எந்த டாக்டரும் அதை வச்சு வைத்தியம் பாக்கறதில்ல. அதுல வர்ற 'விசரல் ஃபேட் லெவல்'லும் அனுமானம்தான், குடலைச் சுத்தி இருக்கற கொழுப்பை நேரா பாக்கணும்னா எம்ஆர்ஐ, சிடி தான் வழி, அதையெல்லாம் சும்மா கொழுப்பு பாக்கறதுக்காக எடுக்கத் தேவையில்ல. ஒரு எச்சரிக்கை மட்டும், பேஸ்மேக்கர் வச்சவங்க இந்தக் கரண்ட் மெஷின் எதுலயும் ஏறக் கூடாது.

டிரெய்னர் இடுக்கியை கீழ வச்சது நேர்மையான காரியம், அவருக்கு என் சார்புல ஒரு நன்றி சொல்லுங்க. தோலோட கொழுப்பையும் சேத்து மடிப்பா புடிச்சு மில்லிமீட்டர்ல பாக்கற சாமான் அது. கையோட முன்பக்கம், பின்பக்கம், முதுகுல தோள்பட்டை எலும்புக்குக் கீழ, இடுப்பெலும்புக்கு மேல, இப்படி நாலு இடம் புடிச்சு கணக்குப் போடற ஒரு முறை 1974-ல வந்துச்சு, இன்னமும் ஓடுது. பெரிய உடம்புல மடிப்பே கைக்கு அடங்காது, இடுக்கியோட வாய் பத்தாது, அமுக்கினா ஒவ்வொருத்தர் கொழுப்பு ஒவ்வொரு அளவுக்கு அமுங்கும். காலேஜ் பசங்களுக்கு சரி, நமக்கு வேணாம்.

டெக்ஸாவை நான் ஏன் கிட்டன்னு சொன்னேன்னா, அது தண்ணியை வச்சு ஊகிக்கல. ரெண்டு வேற வேற சக்தியுள்ள எக்ஸ்ரேயை உடம்புக்குள்ள விடுது, எலும்பு, கொழுப்பு, மத்த மெல்லிய திசு மூணும் அதை வேற வேற அளவுல உறிஞ்சும், அதை வச்சுப் பிரிக்குது. கதிர்வீச்சு ரொம்பக் கொஞ்சம், இயற்கையா நமக்கு தினமும் கிடைக்கற அளவுதான் கிட்டத்தட்ட, ஆனா கர்ப்பமா இருந்தா கூடாது. பிஎம்ஐ, அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா வர்ற நம்பர், நாப்பதைத் தாண்டின ஒரு பொண்ணுக்கு உடம்புல பாதி கொழுப்புன்னு வர்றது வழக்கமான ரிசல்ட்தான், 51ங்கறதைப் பாத்து ஷாக் ஆகாதீங்க.

ஆனா டெக்ஸாவும் சாமி வாக்கு இல்ல. உடம்பு ரொம்ப தடிமனா இருந்தா எக்ஸ்ரே திணறும், அங்க தப்பு கூடும். அடுத்தது அகலம். படுக்கைல ஒரு கோடு போட்டிருப்பாங்க, அறுபது சென்டிமீட்டர் சொச்சம்தான் இருக்கும், அதுக்குள்ள கையும் சேந்து அடங்கணும். அடங்கலைன்னா பாதி உடம்பை மட்டும் எடுத்து ரெண்டால பெருக்கிடுவாங்க, அது பரவால்ல, ஆனா கவனிக்காம ஒரு கையை வெட்டி விட்டுட்டு ரிப்போர்ட் அடிச்சுக் குடுக்கறதையும் நான் பாத்திருக்கேன். உங்க ரிப்போர்ட்ல படம் இருக்கும், ரெண்டு கையும் முழுசா விழுந்திருக்கான்னு பாருங்க. மெஷினுக்கு எடை வரம்பும் உண்டு, பழைய மாடல்னா 130, 140 கிலோவுக்கு மேல ஏத்த மாட்டாங்க, புதுசுல 200 வரைக்கும் தாங்கும். மெஷின் கம்பெனி மாறினா நம்பரும் மாறும், அதனால அடுத்த தடவை எடுத்தா அதே சென்டர், அதே மெஷின். ஆறு மாசத்துக்குள்ள போயி காசைக் கொட்டாதீங்க. இதைப் படிக்கற மத்தவங்களுக்கு ஒண்ணு, ஸ்கேன் சென்டர்ல வெறுமன டெக்ஸான்னு கேட்டா முதுகெலும்பு, இடுப்பெலும்பு மட்டும் எடுத்து எலும்புத் தேய்மானம் ரிப்போர்ட்டைக் கையில குடுத்து அனுப்பிடுவாங்க, முழு உடம்பு பாடி காம்போசிஷன்னு தெளிவா கேளுங்க.

தண்ணிக்குள்ள முக்கி எடை பாக்கற பழைய முறையும் இருக்கு, ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். கொழுப்போட அடர்த்தி 0.9, மத்ததுக்கு 1.1னு வச்சுக்கிட்டு 1961-ல சைரிங்கறவர் போட்ட ஃபார்முலாவை இன்னிக்கும் யூஸ் பண்றாங்க. ஆனா நுரையீரல்ல இருக்கற காத்தை முழுசா ஊதி விட்டுட்டு தண்ணிக்குள்ள அசையாம இருக்கணும், கொழுப்பு ஜாஸ்தின்னா உடம்பு மிதக்கும், முங்கவே முங்காது, அதுல பாதிப் பேருக்கு பயத்துலயே மூச்சு முட்டிடும். தண்ணிக்குப் பதிலா காத்தை வச்சு அளக்கற முட்டை மாதிரி ஒரு கூண்டு பின்னாடி வந்துச்சு, பெரிய உடம்புக்கு அது எவ்வளவோ மேல், ஆனா நம்ம பக்கம் தேடிக் கண்டுபிடிக்கறதே கஷ்டம். ஆராய்ச்சிக்காரங்க ஒரே முறையை நம்பறதில்ல, டியூட்டிரியம்ங்கற கனமான ஹைட்ரஜன் கலந்த தண்ணியைக் குடிக்க வச்சு உடம்புத் தண்ணியை அளந்து, டெக்ஸால எலும்பை எடுத்து, உடம்போட கன அளவையும் எடையையும் சேத்து நாலு கூறா பிரிச்சுப் பாப்பாங்க. மத்த மெஷினெல்லாம் பாஸா ஃபெயிலான்னு அதோட ஒப்பிட்டுத்தான் சொல்றாங்க.

இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த நம்பர் உங்களுக்கு எதுக்கு? உங்க பிஎம்ஐ 41.7. கொழுப்பு ஜாஸ்தியா இல்லையான்னு கண்டுபிடிக்க உங்களுக்கு எந்த மெஷினும் வேணாம். 2025 ஜனவரில லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையோட கமிஷன் ஒண்ணு, பிஎம்ஐயை மட்டும் வச்சு ஒபிசிட்டின்னு முத்திரை குத்தாதீங்க, இடுப்பளவோ கொழுப்பளவோ பாத்து உறுதி பண்ணுங்கன்னு சொல்லுச்சு, அந்தக் கமிஷனே பிஎம்ஐ 40க்கு மேல போனா தனியா உறுதி பண்ணத் தேவையில்லன்னு விட்டுடுச்சு. இந்த டெஸ்ட்டெல்லாம் உண்மைல உதவறது பாக்க ஒல்லியா தெரியற ஆளுங்களுக்கு. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல அதே லான்செட்ல தங்களோட ரெண்டு பேர் போட்டோவையுமே போட்டாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனா யுட்கினுக்கு கொழுப்பு 9.1%, நம்ம ஊர்க்காரருக்கு 21.2%. நம்ம ஆளுங்களுக்கு 23க்கு மேலயே அதிக எடைன்னு வரம்பைக் கீழ எறக்கி வச்சிருக்கறது சும்மா இல்ல.

உங்களுக்கு வேண்டியது கொறையுதா இல்லையாங்கறது மட்டும்தான், அதுக்கு உங்க டேபிள் மேலயே சாமான் இருக்கு, இஞ்ச் டேப். டேப் எப்படிப் புடிக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லித் தந்தா அது கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதை, ஆனா எங்க வைக்கணும்னு மட்டும் சொல்றேன். நம்ம பொம்பளைங்க எல்லாரும் பாவாடை நாடா தழும்புலயோ தொப்புள்லயோ வச்சுடறாங்க. வயிறு தொங்கினா தொப்புளும் கீழ எறங்கிடும், நாளைக்கு எடை கொறஞ்சா அது மேல போகும், அது அடையாளமே இல்ல. பக்கவாட்டுல கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பு மேட்டையும் அழுத்தித் தடவிக் கண்டுபிடிச்சு, அதுக்கு நட்ட நடுவுல, மூச்சை சாதாரணமா விட்டு முடிக்கறப்ப, டேப் தரைக்கு மட்டமா இருக்கணும். எலும்பு தட்டுப்படலைன்னா யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்க. நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு 80 செ.மீ.னு வரம்பு சொல்வாங்க, அதை இப்ப பாக்காதீங்க, நீங்க அதுல இருந்து தூரமா இருக்கீங்க, அதைத் தினம் பாத்தா மனசுதான் விட்டுப் போகும். மாசம் ஒரு தடவை, காலைல, வெறும் வயித்துல, மூணு தடவை அளந்து சராசரி. ஒரு சென்டிமீட்டர் முன்ன பின்ன டாலரன்ஸ்னு விட்டுடுங்க, ரெண்டு மூணு மாசத்துல நாலு அஞ்சு கொறஞ்சிருந்தா கொழுப்பு போகுதுன்னு அர்த்தம், எந்த மெஷின் என்ன கத்தினாலும் சரி.

சதை போகுதோங்கற பயத்துக்கு இன்னொண்ணு. கை வைக்காத ஒரு நாற்காலியை சுவத்தோட ஒட்டிப் போட்டு, கையைக் குறுக்கா கட்டிக்கிட்டு, முப்பது செகண்ட்ல எத்தனை தடவை எந்திரிச்சு உக்கார முடியுதுன்னு எண்ணுங்க. முட்டி வலிச்சா விட்டுடுங்க. எடை கொறையக் கொறைய அந்த எண்ணிக்கை ஏறுச்சுன்னா தசை தன் வேலையைப் பாக்குதுன்னு அர்த்தம். அது எறங்குச்சுன்னா எனக்கு எழுதுங்க, பருப்பு, முட்டை, கொண்டைக்கடலையெல்லாம் எவ்வளவு சாப்பிடறீங்கன்னும் சேத்து எழுதுங்க, அப்ப பேசுவோம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, வேலைக்குச் சேந்த புதுசுல நானும் வர்றவங்க எல்லாரையும் அந்தக் கரண்ட் மெஷின்ல ஏத்தி பர்சன்டேஜை சிவப்பு பேனால எழுதிக் குடுத்திட்டு இருந்தேன். ஒம்பது கிலோ கொறச்ச ஒரு அக்கா, நம்பர் ஒண்ணரை ஏறிருக்குன்னு பாத்துட்டு முகம் வாடிப் போனவங்கதான், அப்புறம் வரவே இல்ல. அன்னிக்கு அவங்களுக்கு கால் வீக்கத்துக்கு டாக்டர் நீர் மாத்திரை எழுதியிருந்தார், நான் கேக்கவே இல்ல.

கடைசியா, நீங்க கடைசில 'இன்னொண்ணு'ன்னு போட்டிருந்தீங்களே, எனக்கு அதுதான் முதல் விஷயமா படுது. குறட்டை, பகல்ல கண்ணு சொருகறது, பிஎம்ஐ 35க்கு மேல, மூணும் சேந்தா தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நிக்கிற ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம். இது வெயிட்னாலதானேன்னு விட்டுடற விஷயம் இல்ல, பிரஷரை ஏத்தும், இதயத்தைக் கெடுக்கும், ராத்திரி தூக்கம் சரியில்லன்னா பசியும் கட்டுக்கு அடங்காது. வீட்டுக்காரர் கிட்ட ஒண்ணு கேளுங்க, குறட்டை நடுவுல திடீர்னு நின்னு, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம இருந்து, அப்புறம் திணறற மாதிரி மூச்சு வருதான்னு. அதே இஞ்ச் டேப்பை கழுத்தைச் சுத்தி வச்சுப் பாருங்க, 40 செ.மீ.க்கு மேல இருந்தா சந்தேகம் இன்னும் கூடும். எந்தப் பதில் வந்தாலும் நுரையீரல் டாக்டரையோ இஎன்டி டாக்டரையோ போய்ப் பாருங்க, ஸ்லீப் ஸ்டடி எழுதித் தருவாங்க. போறப்ப பிரஷர், மூணு மாச சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, தைராய்டு, ஈரல் டெஸ்ட் எல்லாம் பாத்து ஆறு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா அதையும் கேட்டுக்கோங்க. அதுவரைக்கும் ராத்திரி ஒரு பக்கமா சாஞ்சு படுங்க, மல்லாக்க வேணாம். தூக்கக் கலக்கத்தோட வண்டி ஓட்டாதீங்க, கம்பெனிக்கு ஸ்கூட்டில போறீங்கன்னா கொஞ்ச நாளைக்கு பஸ்.

வீட்டு மெஷினைத் தூக்கிப் போட வேணாம், எடை சரியாத்தான் காட்டும். ஆப்ல அந்தக் கொழுப்பு காட்டற இடத்தை மட்டும் மறைச்சு வச்சுடுங்க.